காதிபின் கணக்கு: திவான்கள் வளர்த்த கணிதக் கல்வி

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது. அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனமாகிய அது, தவணையிட்டுக் கடன் கொடுக்கும்போது அதனை எழுதிக்கொள்ளுமாறு பணிக்கின்றது. எழுதுபவர் நீதியோடு எழுத வேண்டும்; எழுதத் தெரிந்தவர் எழுத மறுக்கலாகாது; கடன்பட்டவர் தம் வாயால் சொல்ல அது எழுதப்பட வேண்டும்; அவர் எதையும் குறைத்துச் சொல்லலாகாது; தொகை சிறிதாயினும் பெரிதாயினும் எழுதுவதில் சோர்வு கூடாது; எழுதியவருக்கும் சாட்சிக்கும் தீங்கிழைக்கலாகாது. எழுத்தறிவு, நேர்மை, பாதுகாப்பு ஆகிய மூன்றும் ஒரே வசனத்தில் ஒருங்கே வைக்கப்பட்டிருப்பது கருதத்தக்கது. ‘காதிப்’ என்னும் எழுத்தர், இஸ்லாமிய நாகரிகத்தில் ஒரு தனித் தொழில் வகுப்பினராக வளர்ந்ததற்கும், அவருக்கென ஒரு பாடத்திட்டமும் நூல் மரபும் உருவானதற்கும் இதுவே வித்து எனலாம்.

இன்று வணிகவியலும் நிதியியலும் பயிலும் மாணவர்க்கு எண்திறன் முதன்மையா, தொழிற்பண்பு முதன்மையா என்று கல்வியாளர் வினவுகின்றனர். இவ்வினாவுக்குத் திவான்களின் வரலாறு ஒரு தெளிவான விடையைத் தருகிறது.

திவான் மொழி மாறியது

வருவாயையும் ஊதியத்தையும் பதிவு செய்யும் திவான் முறையை நிறுவியவர் கலீஃபா உமர் (ரலி) அவர்கள். ஆயினும் கராஜ் என்னும் நிலவரிக் கணக்கு, இராக்கில் பாரசீக மொழியிலும் ஷாமில் கிரேக்க மொழியிலுமே நெடுநாள் எழுதப்பட்டு வந்தது. கணக்கறிந்தோர் அம்மொழியினரே என்பதுதான் காரணம். உமையாக் கலீஃபா அப்துல் மலிக் (ஆட்சி: கி.பி. 685–705) காலத்தில் இந்நிலை மாறிற்று.

இராக்கில் நடந்த மாற்றத்தை வரலாற்றாசிரியர் பலாதுரி சுவையுடன் பதிவு செய்துள்ளார். ஆளுநர் ஹஜ்ஜாஜின் திவானில் ஸாதான் ஃபர்ரூக் என்னும் பாரசீகர் தலைமைக் கணக்கர். அவரிடம் பணியாற்றிய ஸாலிஹ் இப்னு அப்திர் ரஹ்மான் இரு மொழியும் அறிந்தவர். ஸாதான் மறைந்தபின் கணக்கை அரபியில் எழுத ஸாலிஹ் முன்வந்தார். ஸாதானின் மகன் மர்தான்ஷாஹ் வியப்புடன் வினவினார்: பத்தில் ஒன்றையும் இருபதில் ஒன்றையும் குறிக்க எங்கள் மொழியில் சொற்கள் உள்ளன, நீர் என்ன செய்வீர்? ‘உஷ்ர்’ என்றும் ‘நிஸ்ஃபு உஷ்ர்’ என்றும், அதாவது ‘பத்தில் ஒன்று’, ‘பத்தில் ஒன்றின் பாதி’ என்றும் எழுதுவேன் என்றார் ஸாலிஹ். இம்முயற்சி இயலாதென்று ஹஜ்ஜாஜிடம் கூறிவிடுமாறு வேண்டி இலட்சம் திர்ஹம் தரவும் பாரசீகக் கணக்கர் முன்வந்தனர். ஸாலிஹ் அதனை ஏற்கவில்லை. பின்னாளில் இராக்கின் காதிபுகள் அனைவரும் ஸாலிஹின் மாணாக்கர் வழியினராகவே மதிக்கப்பட்டனர்.

இந்நிகழ்ச்சியில் இரண்டு செய்திகள் உள. ஒன்று, பின்னங்களைச் சொல்லத் தெரிந்தவன் கையிலேயே அரசின் வருவாய் இருந்தது. மற்றொன்று, அத்திறனை விலைக்கு வாங்க ஆள் இருந்தது. விற்க மறுத்தவர் ஒருவர் இருந்தமையால் ஒரு மொழி நிர்வாக மொழியாயிற்று.

காதிபுக்கு வகுத்த பாடம்

உமையாக்களின் கடைசிக் கலீஃபா இரண்டாம் மர்வானின் செயலராயிருந்த அப்துல் ஹமீத், காதிபுகளுக்கு எழுதிய மடல் இத்துறையின் முதல் அறநூல் எனத் தகும். இறைவேதமும் ஃபராயிள் என்னும் வாரிசுரிமைச் சட்டமும் முதலில் பயிலுக, பின் மொழியும் கையெழுத்தும் கவிதையும் வரலாறும் அறிக என வரிசைப்படுத்தும் அவர், கணிதத்தில் பார்வை தளரலாகாது, கராஜ் எழுத்தர்களுக்கு அதுவே தூண் என எச்சரிக்கிறார். ஹிஜ்ரி 276இல் (கி.பி. 889) மறைந்த இப்னு குதைபா, தம் ‘அதபுல் காதிப்’ நூலின் முன்னுரையில், நிலமளக்கும் வடிவியலைக் காதிப் அறிந்திருக்க வேண்டும் என்கிறார். ஏட்டில் வரைந்த முக்கோணத்தோடு நில்லாது வயலில் இறங்கி அளந்தும் பார்க்க வேண்டும் என்பது அவர் வற்புறுத்தல்.

கணக்கரின் பெருமையை இலக்கியமும் பேசிற்று. அரபுக் கல்லூரிகளில் பயிலப்படும் ஹரீரியின் (கி.பி. 1054–1122) மகாமாக்களுள் 22ஆவது, கடிதம் வரையும் எழுத்தரையும் கணக்கெழுதும் எழுத்தரையும் எதிரெதிரே நிறுத்திச் சீர்தூக்குகிறது. பல மதரஸாக்களில் முதற் சில மகாமாக்களோடு பாடம் நின்றுவிடுவதால், அவ்விவாதத்தை நம் மாணவர் பலர் காணாமலே பட்டம் பெறுகின்றனர்.

அபுல் வஃபாவின் நூல்

இம்மரபின் சிகரம் அபுல் வஃபா அல்பூஸ்ஜானியின் நூலாகும். குராசானைச் சேர்ந்த பூஸ்ஜானில் கி.பி. 940இல் பிறந்து, 959இல் பக்தாத் சேர்ந்த இவர் வானியலிலும் முக்கோணவியலிலும் பேரறிஞர். ஆயினும் 961க்கும் 976க்கும் இடையில் இவர் எழுதிய ஒரு நூலின் தலைப்பு, ‘காதிபுகளுக்கும் அலுவலர்களுக்கும் கணிதத்தில் தேவையானவை’ என்னும் பொருளுடையது. ஏழு பகுதிகள், பகுதிக்கு ஏழு இயல்கள். விகிதம், பெருக்கலும் வகுத்தலும், நில அளவை ஆகியன முதல் மூன்று பகுதிகள். பின்வருவன வரிக்கணக்கு, நாணய மாற்றும் பங்கீடும், படைவீரர் ஊதியம், வணிகம் முதலியன. கோட்பாடு முன்னும் தொழில் பின்னுமாக அமைந்த இவ்வரிசை, இன்றைய பாடநூலாசிரியர்க்கும் அயலானதன்று.

இந்நூலில் இந்திய எண்குறிகள் இல்லை. எண்கள் யாவும் சொற்களால் எழுதப்பட்டுள்ளன. கணக்கு மனத்திலும் விரல்களிலும் நிகழ்கிறது. அரபியில் இரண்டில் ஒன்று முதல் பத்தில் ஒன்று வரையிலான பின்னங்களுக்கே தனிச் சொற்கள் உண்டு. ஏனையவற்றை அவற்றின் கூட்டலாகவோ பெருக்கமாகவோ சொல்ல வேண்டும். இருபத்துநான்கில் ஒன்று என்பது ‘எட்டில் ஒன்றின் மூன்றில் ஒன்று’ ஆகும். பதினொன்றில் ஒன்று இவ்வாறு சொல்லில் அடங்காது. அதனை ‘அஸம்மு’, செவிட்டுப் பின்னம், என்றனர். ஸாலிஹ் கூறிய ‘நிஸ்ஃபு உஷ்ர்’ இம்முறையின் எளிய எடுத்துக்காட்டு. ஸகாத்தின் இரண்டரை விழுக்காட்டைப் ஃபிக்ஹு நூல்கள் இன்றும் ‘ருப்உல் உஷ்ர்’, பத்தில் ஒன்றின் கால், என்றே வழங்குவது இம்மரபின் எச்சமே.

இந்நூலில் ஓரிடம் தனிக் கவனத்திற்குரியது. மூன்றையும் ஐந்தையும் பெருக்க அபுல் வஃபா ஒரு பொது விதியைப் பயன்படுத்துகிறார். இவ்விரண்டும் பத்துக்கு முறையே ஏழும் ஐந்தும் குறைவு. மூன்றிலிருந்து இரண்டாவதன் குறையாகிய ஐந்தைக் கழித்தால் எஞ்சுவது ‘இரண்டு கடன்’. அதனைப் பத்தால் பெருக்கினால் ‘இருபது கடன்’. குறைகளாகிய ஏழையும் ஐந்தையும் பெருக்கினால் முப்பத்தைந்து செல்வம். கடனைத் தீர்த்தபின் மிஞ்சுவது பதினைந்து. எதிர்ம எண்ணை இங்கே ‘கடன்’ என்றே அழைக்கிறார். இந்தியக் கணிதர் பிரம்மகுப்தரும் கி.பி. 628இலேயே எதிர்ம எண்ணைக் கடன் என்றும், நேர் எண்ணைச் செல்வம் என்றும் வழங்கியிருந்தார். பற்றும் வரவும் அறிந்தவர்க்குச் சுழியத்திற்குக் கீழுள்ள எண் புதிராகத் தோன்றவில்லை.

இந்திய எண்முறையோ வேறொரு வழியில் திவான்களை அடைந்தது. ஹிஜ்ரி 341இல் (கி.பி. 952–953) திமிஷ்கில் நூலெழுதிய அல்உக்லீதிஸி, மணற்பலகையில் எழுதி அழிக்கும் அம்முறையைத் தாளுக்கும் மைக்கும் ஏற்ப மாற்றினார். தெருவோரச் சோதிடர் கையில் காணப்பட்ட மணற்பலகையை ஏந்த மதிப்புடையோர் கூசினர் என்பது அவர் கூறும் காரணங்களுள் ஒன்று. தாளில் எழுதியதால் கணக்கின் இடைப்படிகள் அழியாமல் நின்றன. படிகள் நின்றால் பிறர் சரிபார்க்க இயலும். தணிக்கைக்கு இது பெருந்துணை.

ஏடுகளும் இணக்கமும்

பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் ஸாமானிய அரசவையைச் சார்ந்திருந்த அபூ அப்தில்லாஹ் அல்குவாரிஸ்மி (இயற்கணிதம் தந்த குவாரிஸ்மி வேறு) எழுதிய ‘மஃபாதீஹுல் உலூம்’, திவான்களின் கலைச்சொற்களை விளக்குகிறது. நாள்தோறும் நிகழ்வதைப் பதியும் ஏடு ‘ரோஸ்நாமஜ்’. வரவு, செலவு, இருப்பு ஆகியவற்றைக் காட்டி மாதந்தோறும் அனுப்புவது ‘கத்மா’. பணம் செலுத்தியவருக்குத் தரும் பற்றுச்சீட்டு ‘பராஅத்’.

இவற்றுள் மிக நுட்பமானது ஒரு வேறுபாடு. பணி முடித்த அலுவலர் முழுக்கணக்கைச் சமர்ப்பிக்கிறார். கொடுப்பவரும் பெறுபவரும் விவரங்களில் உடன்பட்டாலே அது ‘முவாஃபகா’, இணக்கக் கணக்கு. மற்றவர் உடன்படாது ஒருவர் மட்டும் முன்வைத்தால் அது வெறும் ‘முஹாஸபா’. கூட்டல் பிழையின்றி இருப்பது மட்டும் கணக்கை நிறைவு செய்வதில்லை. எதிர்த்தரப்பின் ஒப்புதலும் பெற்ற பின்னரே அதற்கு அப்பெயர் கிட்டும்.

ஃபராயிள் தந்த பயிற்சி

இம்மரபின் மற்றொரு கிளை மதரஸாவில் வளர்ந்தது. கலீஃபா மஃமூன் (ஆட்சி: கி.பி. 813–833) காலத்தில் அல்குவாரிஸ்மி எழுதிய இயற்கணித நூலின் ஏறத்தாழப் பாதி, மரண சாசனமும் பாகப்பிரிவினையும் பற்றியதே.

மனைவியும் இரு மகள்களும் தாய் தந்தையரும் வாரிசுகள் என்போம். பங்குகள் முறையே எட்டில் ஒன்று, மூன்றில் இரண்டு, ஆறில் ஒன்று, ஆறில் ஒன்று. இருபத்துநான்கு பாகமாக்கினால் 3, 16, 4, 4, கூட்டினால் 27. சொத்தை விடப் பங்கு மிகுந்துவிட்டது! அலி (ரலி) அவர்கள் மிம்பரில் நின்றவாறே, மனைவியின் எட்டில் ஒன்று ஒன்பதில் ஒன்றாயிற்று என விடையளித்ததாக அறிவிக்கப்படுகிறது. சொத்து இருபத்தேழாயிரம் எனில் மனைவிக்கு மூவாயிரம், மகள்களுக்குப் பதினாறாயிரம், பெற்றோர் ஒவ்வொருவருக்கும் நான்காயிரம். குறை எல்லோர் மீதும் அவரவர் பங்கின் விகிதத்தில் இறங்கும் இம்முறையே ‘அவ்ல்’. யாரையும் முற்றாக விலக்காத நீதி, இங்கே ஒரு விகிதக் கணக்காக நிற்கிறது.

இருவேறு வகுப்பறைகள்

காலப்போக்கில் இக்கல்வி இரண்டாகப் பிளந்தது. திவானின் கணக்கு, வணிகவியலாகக் கல்லூரிகளுக்குச் சென்றது. ஃபராயிள் மதரஸாவில் தங்கிற்று. ஆலிம் பட்டம் பெறுபவர் பங்கு பிரிக்க வல்லவர். ஆயின் ஓர் இருப்புநிலைக் குறிப்பைப் படித்துப் பொருள் காண அவர்களுள் பலர் பயிலவில்லை. வணிகவியல் பட்டதாரி கணினியில் பேரேடு வைக்க வல்லவர். தம் குடும்பத்துப் பாகப்பிரிவினைக்கு மட்டும் பிறரை நாடுகிறார். அரபியிலிருந்து வந்த அசல், பாக்கி, வசூல், பைசல் போன்ற சொற்கள் தமிழ்க் கணக்கேடுகளில் இன்றும் வாழ்கின்றன. சொற்கள் தங்கின, அவற்றை ஈன்ற கல்வியின் முழுமை தங்கவில்லை.

இதன் விளைவை நம் மஹல்லாக்களில் காணலாம். பள்ளிவாசல், வக்ஃபு, ஸகாத் நிதி ஆகியவற்றின் வரவு செலவு பல இடங்களில் ஆண்டுக்கொருமுறை வாசிக்கப்படுகிறது. வாசித்தவுடன் கூட்டம் கலைகிறது. குவாரிஸ்மியின் அளவுகோலில் அது முஹாஸபா மட்டுமே, முவாஃபகா அன்று. ஐயம் எழுந்து வழக்காகும்போது கெடுவது பணம் மட்டுமன்று, அமானிதத்தின் மீதுள்ள நம்பிக்கையும்தான்.

இளமையில் கணிதம் பயின்றவனிடம் உண்மையுடைமை இயல்பாகப் படியும் என்று இப்னு கல்தூன் (மறைவு: கி.பி. 1406) கருதினார். சரியான விடையன்றி வேறெதனையும் ஏற்காத பழக்கம், நாளடைவில் குணமாகிவிடும் என்பது அவர் கருத்து. அவ்வாறாயின் எண்திறனுக்கும் தொழிற்பண்புக்கும் தனித்தனிப் பாடவேளை தேடவேண்டியதில்லை. ஃபராயிள் வகுப்பில் பேரேடும், பேரேட்டு வகுப்பில் ஃபராயிளும் இடம்பெற்றால் போதும். அரபுக் கல்லூரியின் இறுதியாண்டு மாணவரும் ஊரிலுள்ள வணிகவியல் மாணவரும் சேர்ந்து தம் மஹல்லாவின் ஓராண்டுக் கணக்கை எழுதிச் சரிபார்த்து, ஜமாஅத்தின் உடன்பாட்டைப் பெற்று முடிக்கட்டும். அன்று அவர்கள் செய்து முடிப்பது, பக்தாதின் காதிபுகள் அறிந்திருந்த முவாஃபகாவாக இருக்கும்.