தாழ்கயிற்றுத் தடம்

தாழ்கயிற்றுத் தடம் என்பது தரையையொட்டிக் கட்டிய கம்பிவடம், கயிறு, மரக்கட்டை, பலகைச் சுவர் ஆகியவற்றின் வழியே ஒரு குழுவுக்குச் சிக்கல்களை வைத்து, அவற்றைச் சேர்ந்து தீர்க்கப் பழக்கும் திறந்தவெளிப் பயிற்சிக்களம். இலங்கையில், நிறுவனங்கள் ஊழியர்களுக்கு நடத்தும் 'அவுட்பவுண்ட்' பயிற்சியின் ஒரு பகுதியாகவே இதைப் பலர் அறிவர். உயர்கயிற்றுத் தடத்தில் ஏறுபவரை இடுப்புவாரும் பாதுகாப்புக் கயிறும் காக்கின்றன. தாழ்தடத்தில் அந்தப் பொறுப்பைச் சுற்றி நிற்கும் தோழர்களின் கைகள் ஏற்கின்றன.

தோற்றம்

இதன் மூலத்தைப் பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி ஜார்ஜ் எபேரிடம் (1875–1957) காண்போர் உண்டு. ஓடுதல், ஏறுதல், சமன்செய்தல், சுமத்தல் ஆகியவற்றை ஒரே தடத்தில் கோத்து உடற்பயிற்சி முறை வகுத்தவர் அவர். 1902இல் மார்த்தினிக் தீவில் பெலே எரிமலை வெடித்தபோது மக்களை மீட்கும் பணியில் பெற்ற அனுபவமே அவரை இதற்குத் தூண்டியதாகக் கூறப்படுகிறது. பாய்மரக் கப்பல்களின் கயிற்றேணிகளையும் படைமுகாம்களின் தடைத்தடங்களையும் மூலமாகக் கொள்வோரும் உளர். இவை அனைத்தும் சிறிது சிறிதாகப் பங்களித்திருக்கலாம்.

1941இல் கல்வியாளர் குர்ட் ஹானும் கப்பல் உரிமையாளர் லாரன்ஸ் ஹோல்ட்டும் வேல்ஸின் அபர்டவி ஊரில் முதல் அவுட்வர்ட் பவுண்ட் பள்ளியைத் தொடங்கினர். போரில் கப்பல் மூழ்கினால் இளம் மாலுமிகள் தளர்ந்துவிடாமல் தாக்குப்பிடிக்க வேண்டும் என்பதே ஹோல்ட்டின் கவலை. இந்த இயக்கம் 1962இல் கொலராடோவில் அமெரிக்காவின் முதல் பள்ளியை நிறுவியது. கயிற்றுத் தடம் அந்நாட்டுக்கு இப்பள்ளி வழியே வந்தது என்பது பரவலான கருத்து.

ஹாமில்டன்-வென்ஹாம் காலம்

தாழ்தடம் இன்றைய வடிவம் பெற்றது 1971இல், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஹாமில்டன்-வென்ஹாம் வட்டார உயர்நிலைப் பள்ளியில். அதன் முதல்வர் ஜெரி பீ, மின்னசோட்டா அவுட்வர்ட் பவுண்ட் பள்ளியை நிறுவிய ராபர்ட் பீயின் மகன். வாரக்கணக்கில் மலையில் தங்கிப் பெறும் அனுபவம் எல்லாப் பிள்ளைகளுக்கும் கிட்டாது. அதைப் பள்ளியின் பாடவேளைக்குள் கொண்டுவர முடியுமா என்பதே அவருடைய கேள்வி. கூட்டாட்சி அரசின் நிதியுதவியோடு பிறந்த அத்திட்டம் 'ப்ராஜெக்ட் அட்வென்ச்சர்' எனப்பட்டது. உடற்பயிற்சி வகுப்போடு நில்லாமல், பிற பாடங்களுக்கும் அதே முறையை ஆசிரியர்கள் கொண்டுசென்றனர்.

திட்டத்தில் பணியாற்றிய கார்ல் ரோன்கி, பல விளையாட்டுகளைப் புதிதாக அமைத்தும் பழையவற்றைத் திருத்தியும் தொகுத்தார். அவருடைய 'கவ்ஸ்டெய்ல்ஸ் அண்ட் கோப்ராஸ்' (1977), 'சில்வர் புல்லட்ஸ்' (1984) ஆகிய நூல்கள் பயிற்றுவிப்பாளர்களின் கைநூல்களாயின. இக்காலத்தில் பரவிய அமைப்புகளில் சில:

சிலந்தி வலை: இரு மரங்களுக்கிடையே கயிற்றால் பின்னிய வலையின் கண்கள் வழியாக, கயிற்றைத் தொடாமல் எல்லோரும் மறுபுறம் போக வேண்டும். ஒருமுறை பயன்படுத்திய கண்ணை மறுபடி பயன்படுத்தலாகாது. பெரிய கண்களை யாருக்கு விட்டுவைப்பது என்று முதலிலேயே யோசிக்காத குழு, கடைசி ஆளோடு திகைத்து நிற்கும்.

விரியும் இரட்டைவடம்: ஓரிடத்தில் தொடங்கி விலகிச் செல்லும் இரு கம்பிவடங்களில் ஆளுக்கொன்றாக இருவர் ஏறி, உள்ளங்கைகளைக் கோத்தபடி பக்கவாட்டில் நகர்வர். இடைவெளி கூடக் கூட, ஒருவர்மேல் ஒருவர் முழு எடையையும் சாய்த்தால்தான் நிற்க முடியும். நேராக நிமிர்ந்து தன்னைத்தானே காத்துக்கொள்ள முயல்பவர் முதலில் விழுவார். தாழ்தடத்தின் கருத்து முழுவதையும் இந்த ஓர் அமைப்பிலேயே காணலாம்.

சுவர்: ஏறத்தாழ 3.5 முதல் 4 மீட்டர் உயரமுள்ள வழுவழுப்பான பலகைச் சுவரைக் கயிறோ ஏணியோ இன்றிக் குழு முழுவதும் கடக்க வேண்டும். கடைசியாக ஏறுபவரைத் தூக்கிவிட ஆளிருக்காது என்பதே இதன் சிக்கல்.

'விருப்பப்படி சவால்' என்னும் நெறியும் இத்திட்டத்தின் கொடை. எதில் எவ்வளவு பங்கேற்பது என்பதை அவரவரே முடிவு செய்வர். மறுப்பவரை யாரும் வற்புறுத்தலாகாது. விளையாட்டு முடிந்ததும் வட்டமாக அமர்ந்து, நடந்தது என்ன, அதன் பொருள் என்ன, இனிச் செய்வது என்ன என்று பேசுவதும் பயிற்சியின் கட்டாயப் பகுதியாயிற்று.

பிற்காலம்

1980களில் வணிக நிறுவனங்கள் இதை ஏற்றன. 1993இல் சவால் தடத் தொழில்நுட்பச் சங்கம் அமெரிக்காவில் உருவாகி, கட்டுமானத் தரங்களை வகுத்தது. ஆசியாவில் சிங்கப்பூரின் உபின் தீவில் 1967இலேயே அவுட்வர்ட் பவுண்ட் பள்ளி அமைந்தது. இந்தியாவில் மலையேற்ற வீராங்கனை பச்சேந்திரி பாலின் தலைமையில் டாடா ஸ்டீல் சாகச அறக்கட்டளை வளர்ந்தது.

இலங்கையும் மலையகமும்

இலங்கையில் கயிற்றுப் பயிற்சியின் பழைய வேர் சாரணியம். 1912இல் மாத்தளையில் தொடங்கிய அவ்வியக்கம் முடிச்சுகளையும் கயிற்றுப் பாலங்களையும் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பழக்கியது. 'விருப்பப்படி சவால்' நெறிக்கு மாறாக, 2011இல் பல்கலைக்கழகப் புதுமுக மாணவர்களுக்கு இராணுவ முகாம்களில் தலைமைத்துவப் பயிற்சி கட்டாயமாக்கப்பட்டபோது கடும் எதிர்ப்பு எழுந்தது. அது ஒழுங்கை வளர்த்தது என்போரும், கட்டாயம் குழுவுணர்வைக் கெடுக்கும் என்போரும் உளர்.

சாகசச் சுற்றுலாவுக்குக் களனி கங்கைக் கரையிலுள்ள கித்துல்கல பெயர்பெற்றது. அங்கிருந்து அட்டன் நோக்கி ஏறும் பாதையும், கம்பளையிலிருந்து இறம்பொடை வழியாக நுவரெலியா செல்லும் பாதையும் தேயிலை மலைகளை ஊடறுத்துச் செல்கின்றன. இரண்டாவது பாதைக்குக் கீழே தெரிவது, 1985இல் முடிந்த 87 மீட்டர் உயர அணையால் உருவான கொத்மலை நீர்த்தேக்கம். குளிர்ந்த காற்றும் பைனஸ் தோப்புகளும் இப்பகுதியைப் பயிற்சிக்கு ஏற்றதாக்குகின்றன. ஆனால் தென்மேற்குப் பருவமழையில் பலகை வழுக்கும், அட்டை ஏறும். நுவரெலியா மாவட்டம் மண்சரிவு அபாயமுள்ளது.

மதிப்பீடு

கில்லிஸ், ஸ்பீல்மன் ஆகியோர் 2008இல் 44 ஆய்வுகளைத் தொகுத்து, கயிற்றுத் தடங்களின் பயன் நடுத்தர அளவினது என்று கண்டனர். அப்பயன் அலுவலகத்துக்குத் திரும்பிய பின் எத்தனை நாள் நிலைக்கிறது என்பதில் ஆய்வாளர்கள் ஒன்றுபடவில்லை. உயரத்திலிருந்து பின்னோக்கிச் சாயும் 'நம்பிக்கை வீழ்ச்சி'யைக் காயங்களுக்கு அஞ்சிப் பலர் கைவிட்டனர்.

மலையகத்தில் தடம் அமைப்போர், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவகத்தின் மண்சரிவு அறிவுறுத்தலைக் கேட்டே இடத்தைத் தெரிவுசெய்ய வேண்டும். வடம் தாங்கும் மரங்களை ஆண்டுதோறும், பெருமழைக்குப் பின்னும், தகுதியுள்ளவர் சோதிக்க வேண்டும். முடிவில் அமர்ந்து பேச நேரம் ஒதுக்காத தடம் விளையாட்டுத்திடல் மட்டுமே.