துருப்பிடிக்கும் கத்தியின் பெருமை

கத்தி துருப்பிடித்தால் அது மட்டம் என்று பலரும் நினைக்கின்றனர். ஆனால் வரலாறு வேறு விதமாகச் சொல்கிறது.

ஈரோடு மாவட்டம் கொடுமணலில் நடந்த அகழாய்வுகளில் பழங்கால இரும்பு உலைகள் கிடைத்துள்ளன. இரும்புத் துண்டுகளை மரத்துண்டு, இலைகளோடு மண்மூசையில் அடைத்து உருக்குவது தென்னாட்டு முறை. இரும்பில் கரி ஏறி, கெட்டியான எஃகாகும். 'ஊட்ஸ்' என்ற பெயரில் அது ஐரோப்பா சென்றது. 1795-இல் ஜார்ஜ் பியர்சன் என்பவர் லண்டன் ராயல் சொசைட்டியில் அதைப் பற்றிக் கட்டுரை அளித்தார். ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற லண்டன் கத்தித் தொழிலாளர், இந்திய எஃகில் செய்தவை என்று விளம்பரம் செய்தே தம் கத்திகளை விற்றார்!

1913-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி, குரோமியம் கலந்து துருப்பிடிக்காத எஃகை உருவாக்கினார். எவர்சில்வர் கத்தி சமையலறைக்கு வந்தது. துடைக்கும் வேலை குறைந்தது. ஆனால் மலிவான எவர்சில்வர் கத்திகள் பலவற்றில் கரி குறைவு என்பதால் கூர் சீக்கிரம் மழுங்கிவிடும்.

கையில் காசு குறைவாக இருப்பவர்களுக்குக் கொல்லுப்பட்டறைக் கத்தி நல்ல தேர்வு. பழைய லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்த கத்தியிலும் கரி உண்டு. புளிப்பான காய்களை நறுக்கியதும் உடனே கழுவி, ஈரம் போகத் துடைத்து, துளி தேங்காய் எண்ணெய் தடவ வேண்டும். மழுங்கினால் சாணைக்கல்லில் தீட்டினால் போதும்.

விலையை விடப் பராமரிப்பே கத்தியின் ஆயுளைத் தீர்மானிக்கிறது.