ஈரச் சுவரின் வரலாறு

மழைக்காலம் கழிந்து இரண்டு திங்கள் ஆன பின்னும் சுவர் உலராத பழைய வீடுகளை மாரெட்பள்ளியில் காணலாம். சுவரின் அடியில் உப்புப் பூக்கிறது. பூச்சு பொரிந்து உதிர்கிறது. வீட்டுக்குரியவர் சிமெண்டு பூசி மறைக்கிறார். அடுத்த ஆண்டில் ஈரம் அந்தப் பூச்சுக்கு மேலே ஓர் அடி உயரத்தில் தோன்றுகிறது. இரண்டு முறை இவ்வாறு செலவு செய்து சலித்தவர், 'வீடு முதுமையடைந்துவிட்டது, இடிப்பதே வழி' என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார். அம்முடிவுக்கு முன், அச்சுவர் எவ்வாறு கட்டப்பட்டது என்று கேட்டறிவது நலம்.

மூன்றாம் நிஜாமான சிக்கந்தர் ஜாவின் பெயரால் 1806-இல் பெயர் பெற்ற பாளையம் செகந்தராபாத். சென்னைப் படைப் பிரிவுகளுடன் தமிழரும் அங்கே வந்து சேர்ந்தனர். அந்நாளில் இங்கே சிமெண்டு இல்லை. இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் என்பவர் போர்ட்லண்டு சிமெண்டுக்கு உரிமைப் பட்டயம் பெற்றதே 1824-இல்தான். கல்லையும் செங்கல்லையும் இணைத்தது சுண்ணாம்புக் காரை. சுட்டு நீர்த்த சுண்ணாம்புடன் மணலும் செங்கல் தூளும் சேர்த்து, மாடு பூட்டிய செக்கில் அரைத்து, கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் கலப்பர். தமிழ்நாட்டிலும் தக்காணத்திலும் கொத்தர்கள் இவ்வகைக் கலவையையே கையாண்டனர்.

காரைச் சுவர் ஈரத்தை முற்றிலும் தடுக்கும் சுவர் அன்று. வாங்கிய ஈரத்தைத் திருப்பிக் கொடுக்கும் சுவர். அதன் நுண்துளைகள் வழியே மழையில் ஏறிய நீர் வெயிலில் ஆவியாக வெளியேறும். உரோமாபுரிக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ், ஈரமான இடங்களில் தரையிலிருந்து மூன்றடி உயரம் வரை மணலுக்குப் பதிலாகச் செங்கல் தூள் கலந்து பூசுமாறு ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எழுதியிருக்கிறார். ஈரம் மிகுந்தால் உட்புறம் மெல்லிய இரண்டாவது சுவர் எழுப்பி, இடையே காற்றோட விடுமாறும் கூறுகிறார்.

இருபதாம் நூற்றாண்டு இரண்டு மாறுதல்களைக் கொணர்ந்தது. முதலாவது, சிமெண்டு. 1904-இல் சென்னையிலும் 1914-இல் போர்பந்தரிலும் சிமெண்டு உற்பத்தி தொடங்கியது. காலப்போக்கில் பழுது பார்க்கும் கொத்தனார் கையிலும் அதுவே இடம் பெற்றது. இறுகிய சிமெண்டுப் பூச்சு சுவரின் மூச்சை அடைத்துவிடுகிறது. வெளியேற வழியில்லாத ஈரம் மேலே ஏறுகிறது. அதனுடன் சென்ற உப்பு, பூச்சின் பின்னே படிகமாகிக் காரையைப் பொடியாக்குகிறது.

இரண்டாவது, குழாய். 1908 செப்டம்பர் 28 அன்று மூசி ஆற்று வெள்ளம் ஹைதராபாத்தை அழித்தது. அதன்பின் விசுவேசுவரய்யாவின் யோசனைப்படி எழுந்த நீர்த்தேக்கங்களில் உஸ்மான் சாகர் 1920-இலும் ஹிமாயத் சாகர் 1927-இலும் நிறைவுற்றன. வெள்ளத்தைத் தடுத்த ஏரிகளே குடிநீரும் தந்தன. குழாய் நீர் பரவப் பரவ, கிணற்றை நம்பிய பழைய வீடுகளின் சுவர்களைக் குடைந்து குழாய்கள் செலுத்தப்பட்டன. வானத்து நீரையும் நிலத்து நீரையும் அறிந்திருந்த சுவருக்குள் மூன்றாவது நீரும் புகுந்தது.

ஆகவே முதற்கேள்வி, இது எந்த நீர் என்பதே. கூரையருகே தொடங்கி மழைநாளில் மட்டும் பெருகும் ஈரம், மாடித் தளத்திலிருந்தோ கைப்பிடிச் சுவரிலிருந்தோ வருவது. தரையிலிருந்து ஏறி, மூன்று நான்கு அடி உயரத்தில் உப்புக் கோடிட்டு நிற்பது நிலத்து நீர். கோடையிலும் காயாமல் ஓரிடத்தில் வட்டமாகப் படர்வது பெரும்பாலும் குழாய்க் கசிவு. இரவில் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு நீர்மானியைக் குறித்துக்கொள்க. காலையில் எண் மாறியிருந்தால் ஐயமில்லை.

மருந்தும் நோய்க்கேற்ப வேறுபடும். மாடியில் வேர்விட்ட அரசங்கன்றை வேருடன் அகற்றித் தூம்பின் அடைப்பை நீக்க வேண்டும். வெளிப்புறத்தில் மண் மேடிட்டு வீட்டின் உள்தரைக்கு மேலே உயர்ந்திருந்தால், அதனை வெட்டித் தாழ்த்தி நீர் வடியச் செய்தல் வேண்டும். கசியும் குழாயை மாற்றிச் சுவருக்கு வெளியே அமைப்பது நன்று. இவற்றின் பின்னரே சிமெண்டைக் கொத்தி நீக்கி, இணைப்புகளில் சுண்ணாம்புக் காரையிட்டு, சுவர் உலர்ந்தபின் காரையே பூச வேண்டும். ஓர் அங்குலக் கனம் உலர ஏறத்தாழ ஒரு திங்கள் ஆகும் என்பது கட்டட வல்லுநர் கணக்கு. பதினெட்டு அங்குலச் சுவருக்கு ஒன்றரை ஆண்டு! பொறுமையின்மையால் பாழான பூச்சுகள் பல.

இதற்குப் பெருஞ்சான்று நகரின் மேற்கே உள்ளது. குதுப் ஷாஹி மன்னர்களின் கல்லறை மண்டபங்கள் மீது இருபதாம் நூற்றாண்டில் சிமெண்டு பூசப்பட்டது. அதனுள் ஈரம் தங்கிப் பழங்காரையைச் சிதைத்தது. 2013 முதல் ஆகா கான் பண்பாட்டு அறக்கட்டளையும் மாநிலத் தொல்லியல் துறையும் இணைந்து நடத்திய திருப்பணியில் அந்தச் சிமெண்டு அகற்றப்பட்டுச் சுண்ணக் காரை மீண்டும் பூசப்பட்டது. கைவினைக் கொத்தர்கள் தம் பழைய தொழிலுக்குத் திரும்பினர்.

மன்னர் மண்டபத்துக்குப் பொருந்திய நெறி நம் பாட்டனார் வீட்டுக்கும் பொருந்தும். சுவர் பிளந்தோ பிதுங்கியோ இருந்தால் பொறியாளர் பார்த்தே ஆக வேண்டும். வெறும் ஈரமே குறையாயின், இடிக்க ஆளைத் தேடுமுன் சுண்ணாம்பு வேலை தெரிந்த முதிய கொத்தனார் ஒருவரைத் தேடுங்கள். அவர் கைத்திறனும் அச்சுவரைப் போன்றதே. பயன்படுத்தாவிடில் நமக்குப்பின் கிடைக்காது.