தைராய்டு புற்றுநோய்: தென் கொரிய அனுபவம்

தென் கொரியாவில் 2011இல் மட்டும் 40,000க்கும் மேற்பட்டோருக்குத் தைராய்டு புற்றுநோய் கண்டறியப்பட்டது. நோய் கண்டறியப்பட்ட விகிதம் 1993இல் இருந்ததைப்போல 15 மடங்கு. ஆனால் இந்நோயால் இறப்போரின் விகிதம் இக்காலம் முழுவதும் ஏறக்குறைய மாறவே இல்லை. 1999இல் அரசு தேசியப் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டத்தைத் தொடங்கியிருந்தது. தைராய்டு அதில் சேர்க்கப்படவில்லை. மருத்துவமனைகள்தாம் கொஞ்சம் கூடுதல் கட்டணம் வாங்கிக்கொண்டு கழுத்து ஸ்கேனையும் எடுத்துத் தந்தன. ஆகவே, அங்கே பரவியது நோயைவிட ஸ்கேன்தான் என்று கொள்ள வலுவான இடமிருக்கிறது. தேடினால் கிடைக்கும் என்பதற்குச் சான்று முன்பே இருந்தது: 1985இல் பின்லாந்தில் வெளிவந்த ஆய்வொன்றில், பிரேதப் பரிசோதனைக்கு வந்த 101 பேரின் தைராய்டு சுரப்பியை மெல்லிய சீவல்களாக வெட்டிப் பார்த்தபோது, மூன்றில் ஒரு பங்கினருக்கும் மேல் பாப்பிலரி வகைப் புற்று தென்பட்டது. அவற்றுள் பல ஒரு மில்லிமீட்டருக்கும் சிறியவை.

ஒரே பெயருக்குள் குணம் வேறுபட்ட பல நோய்கள் அடங்கியிருப்பதே குழப்பத்தின் வேர். மிகப் பரவலான பாப்பிலரி வகை பெரும்பாலும் வலியில்லாத கழுத்துக் கட்டியாக வெளிப்படும். கழுத்து நிணநீர்க் கணுக்களுக்குப் பரவினாலும் நோயாளிகள் பலர் நெடுங்காலம் வாழ்கிறார்கள். ஃபாலிகுலர் வகை இரத்தம் வழியாக நுரையீரலையும் எலும்பையும் எட்டும். கால்சிடோனின் சுரக்கும் செல்களில் தோன்றும் மெடுல்லரி வகை சில குடும்பங்களில் மரபுவழி வரும். அரிதான அனாபிளாஸ்டிக் வகையோ விரைந்து வளர்ந்து மூச்சுக்குழாயை நெரிக்கும்; பெரும்பாலோர் சில மாதங்களே பிழைப்பர். குரல் கம்முதல், விழுங்குவதில் சிரமம் ஆகியவை கட்டி அக்கம்பக்கத்தை ஆக்கிரமித்ததன் அடையாளமாக இருக்கலாம். ஸ்கேன் மிகுதியாகப் பிடித்தது முதல் வகையின் சின்னஞ்சிறு கட்டிகளை. ஆளைக் கொல்லும் கடைசி வகை ஆண்டுச் சோதனைக்காகக் காத்திருப்பதில்லை.

முன்கூட்டியே கண்டு அறுத்ததால்தான் இறப்பு கூடவில்லை என்று வாதிடலாம். அப்படியானால் உண்மையான நோய்ப் பெருக்கமும் சிகிச்சையின் வெற்றியும் ஆண்டுதோறும் ஒன்றையொன்று அச்சொட்டாக ஈடுசெய்திருக்க வேண்டும். நம்பக் கடினமான தற்செயல் இது. கதிர்வீச்சைக் காரணம் காட்டுவோரின் கேள்வி இன்னும் கனமானது. 1986இல் செர்னோபில் அணு உலை வெடித்தபின், அயோடின்-131 கலந்த பாலைக் குடித்த குழந்தைகளிடையே இந்நோய் மெய்யாகவே பெருகியது. ஆனால் ஃபுகுஷிமாவில் 2011 அணு உலை விபத்துக்குப் பின் சுமார் 3 லட்சம் சிறுவர்களை ஸ்கேன் செய்தபோது தென்பட்ட மிகுதிக்குக் கதிர்வீச்சைவிட நுட்பமான சோதனையே காரணமாகலாம் என ஐ.நா. அறிவியல் குழு கருதியது. கொரியாவில் அத்தகைய விபத்தே நேரவில்லை.

தேவையற்ற கண்டுபிடிப்புக்கும் விலையுண்டு. சுரப்பியை முழுதும் அகற்றியவர் ஆயுள் முழுக்க லெவோதைராக்சின் மாத்திரை எடுக்க வேண்டும். பாராதைராய்டு பாதித்தால் கால்சியம் குறையும், குரல் நரம்பு பாதித்தால் பேச்சே மாறிவிடும். பரவிய நோய்க்கு 1940களிலிருந்து பயன்படும் கதிரியக்க அயோடின் (செர்னோபில் குழந்தைகளைத் தாக்கிய அதே ஐசோடோப்!) சிறு கட்டிகள் பலவற்றுக்குத் தேவைப்படுவதே இல்லை. ஜப்பானின் கோபேயில் உள்ள குமா மருத்துவமனை, அங்குள்ள மருத்துவர் அகிரா மியாவுச்சியின் யோசனைப்படி, 1993 முதல் ஒரு சென்டிமீட்டருக்கு உட்பட்ட கட்டிகளை அறுக்காமல் கண்காணித்தது. பத்தாண்டுகளில் மூன்று மில்லிமீட்டராவது வளர்ந்தவை சுமார் 8 விழுக்காடே. வளர்ந்தபின் அறுத்துக்கொண்டவர்களிலும் எவரும் இந்நோயால் இறக்கவில்லை. கொரியாவிலும் 2014இல் மருத்துவர் குழுவொன்று ஸ்கேனை வெளிப்படையாக எதிர்த்தது. ஓராண்டுக்குள் அறுவைச் சிகிச்சைகள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தன. அறிகுறியற்றோருக்கு இச்சோதனை வேண்டாம் என்று அமெரிக்காவின் நோய்த்தடுப்புப் பணிக்குழு 2017இல் பரிந்துரைத்தது. கழுத்தில் கட்டி தட்டுப்படுவோர், சிறுவயதில் கழுத்தில் கதிர்வீச்சு பட்டோர், மெடுல்லரி வகை மரபாக வரும் குடும்பத்தினர் ஆகியோருக்கு அப்பரிந்துரை பொருந்தாது.