டி டிரைவின் கதை



போன வாரம் பேரன் தன் லேப்டாப்பில் விண்டோஸோடு உபுண்டுவும் போட்டுவிட்டு, "தாத்தா, ரெண்டுக்கும் பொதுவா ஒரு டிரைவ் வெச்சுக்கலாமா?" என்று கேட்டான். வெச்சுக்கோ என்று ஒரே வார்த்தையில் முடித்திருக்கலாம். வரலாற்று வாத்தியாருக்கு அது ஆகிற காரியமா!

பிசியின் ஹார்ட் டிஸ்க்கைப் பாகம் பிரிக்கும் பழக்கம் 1983இல் வந்த பிசி டாஸ் 2.0 காலத்தது. டிஸ்க்கின் முதல் செக்டரில் 64 பைட்டில் ஒரு சின்னப் பட்டியல். அதில் நான்கு பாகங்களுக்குத்தான் இடம். வரப்பு போடுவது சுலபம். தகராறு வருவது பொதுக் கிணற்றில்தானே?

1993இல் லினக்ஸுக்கு இஎக்ஸ்டி2 வந்தது. விண்டோஸுக்கு அதைப் படிக்கத் தெரியாது. அதே வருடம் விண்டோஸ் என்டி, என்டிஎஃப்எஸ் என்ற முறையைக் கொண்டுவந்தது. அதன் உள்விவரத்தை மைக்ரோசாஃப்ட் வெளியிடவில்லை. லினக்ஸ்காரர்கள் கல்வெட்டு படிப்பதுபோல எழுத்து எழுத்தாகக் கண்டுபிடித்துப் படிக்கப் பழகினார்கள். எழுதுவது மட்டும் ஆபத்தாகவே இருந்தது. ஆகவே பொது டிரைவ் என்றால் பழைய ஃபேட்தான். ஃபேட்16இல் ஒரு பாகம் 2 ஜிபிக்கு மேல் போகாது. 1996இல் ஃபேட்32 வந்து அது தீர்ந்தது. ஆனால் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தொடக்கூடாது. 2007இல் என்டிஎஃப்எஸ்-3ஜி நிலையான பதிப்பாக வந்த பிறகுதான் லினக்ஸிலிருந்து என்டிஎஃப்எஸ்ஸில் தைரியமாக எழுத முடிந்தது. 2011இல் தொடங்கிய அரசு இலவச லேப்டாப்பில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும்.

இனிதான் என் வயிற்றெரிச்சல். 2012இல் விண்டோஸ் 8 வந்தது. அதில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒரு வசதி. ஷட் டவுன் கொடுத்தாலும் முழுதாக அணையாது. தன் உள்நிலையை டிஸ்க்கில் எழுதிவைத்துவிட்டுத் தூங்கப் போகும். டி டிரைவில் என்ன இருந்தது என்ற பழைய கணக்கும் அதற்குள் இருக்கும். வேடிக்கை என்னவென்றால், ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் புதிதாகத் தொடங்கும்.

எனக்கு இது தெரியாது. 2013 மார்ச்சில் ப்ளஸ் டூ பிரிவு விழாப் படங்களை லினக்ஸிலிருந்து டி டிரைவில் போட்டேன். எல்லாம் ஏறிவிட்டதைக் கண்ணால் பார்த்துவிட்டுக் கேமரா கார்டை அழித்தேன். மறுநாள் விண்டோஸ் எழுந்தது, கையில் பழைய கணக்கோடு. அதன்படி புதிய ஃபோல்டர் என்று ஒன்று இல்லவே இல்லை. டிஸ்க் சோதனை ஓடி முடிந்தபோது மிச்சம் ஒன்றுமில்லை. கார்டை மறுநாள் அழித்திருந்தால்? டிஸ்க் கெட்டுவிட்டது என்றே ஒரு வருடம் நம்பிக்கொண்டிருந்தேன்.

இப்போது நிலைமை தேவலை. 2019இல் எக்ஸ்ஃபேட் விவரத்தை மைக்ரோசாஃப்ட்டே வெளியிட்டது. 2021இல் லினக்ஸ் 5.15இன் கெர்னலிலேயே என்டிஎஃப்எஸ்ஸில் முழுதாக எழுதும் டிரைவர் சேர்ந்துவிட்டது. ஆனால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இன்றும் இருக்கிறது. பேரனை உட்காரவைத்துப் பவர் ஆப்ஷன்ஸில் அந்த டிக்கை எடுக்கச் சொன்னேன். பிறகுதான் பொது டிரைவ்.

2013 செட் பிள்ளைகளே, அந்த விழாவில் செல்போனில் எடுத்த படம் யாரிடமாவது ஒன்றிரண்டு இருந்தால் இன்பாக்ஸில் அனுப்புங்கள். மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை.