தூரத்து மீனுக்குத் தீனி



தூண்டில் போடும் முன்னே ஒரு பிடி தவிட்டைத் தண்ணீரில் தூவி விடுவது நமக்குத் தெரிந்த சங்கதிதான். தீனி விழுந்த இடத்தில் மீன் கூடும். அங்கே முள்ளைப் போட்டால் கடிக்கும். ஆனால் மீன் கரைக்கு வராமல் இருநூறு அடி தள்ளி நின்றால் என்ன செய்வது? படகும் இல்லை. ஈயக்குண்டு கட்டி முள்ளை வீசி விடலாம். தவிட்டை எப்படி வீசுவது? இங்கிலாந்துக்காரர்கள் இந்தக் கேள்வியோடு முந்நூறு வருஷத்துக்கு மேல் மல்லுக்கட்டியிருக்கிறார்கள்.

அங்கே சால்மன், டிரவுட் மீன் உள்ள ஆறுகள் பெரும்பாலும் பணக்காரர் கையில் இருந்தன. கெண்டை, பிரீம், ரோச் போன்ற மற்ற நன்னீர் மீன்கள்தான் ஆலைத் தொழிலாளிக்கும் சுரங்கத் தொழிலாளிக்கும் கிடைத்தவை. அந்தக் கெண்டை நமக்குப் புதுசு அல்ல; 1939-ல் இலங்கையிலிருந்து நீலகிரிக்குக் கொண்டுவந்த சாதாக் கெண்டையேதான். இன்று அங்கே பிடித்த மீனைப் பெரும்பாலும் உயிரோடு திரும்ப விட்டு விடுகிறார்கள். நமக்கு இது வேடிக்கையாகத்தான் இருக்கும்!

ஐசக் வால்டன் என்ற லண்டன் வியாபாரி எழுதிய தூண்டில் புத்தகம் 1653-ல் வெளிவந்தது. பிறகு அவரே அதைப் பலமுறை விரித்து எழுதினார். பிரீம் மீனுக்கு அவர் சொன்ன தீனி, முளைகட்டிய பார்லியைக் கொரகொரப்பாக அரைத்து, லேசாகக் கொதிக்க வைத்து வடித்தது. வடித்த தண்ணீரைக்கூட வீணாக்காமல் குதிரைக்கு வைத்தாராம். தீனியைக் கையில் இறுக்கிப் பிடித்துப் போட்டால் சீக்கிரம் அடியில் போய்ச் சேரும், நீரோட்டம் இருந்தால் கொஞ்சம் மேலே தள்ளிப் போட வேண்டும் என்கிறார். ஆனால் எல்லாம் கை வீசும் தூரம்தான்.

ரப்பர் வந்த பிறகு உண்டிவில் வந்தது. நம் பையன்கள் மாங்காய்க்கு அடிக்கிறார்களே, அதே கவட்டைதான். கல் வைக்கும் இடத்தில் ஒரு சிறு கிண்ணம். தீனி உருண்டை நன்றாகப் போகும். ஈப்புழுவோ லேசானது, எதிர்காற்று அடித்தால் பாதி வழியில் சிதறிவிடும்.

1952 செப்டம்பர் 13-ம் தேதி ரிச்சர்டு வாக்கர் என்பவர் ரெட்மயர் குளத்தில் 44 பவுண்டு கெண்டை பிடித்தார். ஏறக்குறைய 20 கிலோ! அதை லண்டன் மிருகக்காட்சி சாலையில் வைத்திருந்தார்கள். அதன் பிறகு பெரிய கெண்டை மேல் பலருக்கும் ஆசை பிறந்தது. சிக்காமல் தூரம் பறக்கும் ஒரு ஈயக்குண்டையும் வாக்கர் செய்தார். முள் தூரம் போய்விட்டது, தீனி பின்தங்கியது.

இதற்கு நல்ல வழி, தீனிக் குழலை நரம்பிலேயே கட்டிவிடுவது. ஓட்டை போட்ட சிறு பிளாஸ்டிக் குழல், பக்கத்தில் ஈயப் பட்டை. உள்ளே அடைத்த புழு அடியில் போய் ஓட்டை வழியாக ஊர்ந்து வெளியே வரும். முள் பக்கத்திலேயே கிடக்கும். ரொட்டித்தூள் அடைப்பதென்றால் இருபுறமும் திறந்த குழல். தூள் புட்டு மாவுப் பதத்தில் இருக்க வேண்டும். ஈரம் அதிகமானால் குழலை விட்டு வராது. குறைந்தால் வானத்திலேயே உதிர்ந்து போகும். கருவி எதுவானாலும் கைப்பதம் முக்கியம் பாருங்கள்.

இன்னும் தூரத்துக்கு ராக்கெட் மாதிரி ஒரு கூடு உண்டு. மூக்கு மிதக்கும் பொருளால் ஆனது. தண்ணீரில் விழுந்ததும் மூக்கு மேலே திரும்ப, தீனி கொட்டிவிடும். தினமும் ஒரே இடத்தில் விழ, கரையில் 12 அடி இடைவெளியில் இரண்டு குச்சி நட்டு, நரம்பை மாற்றி மாற்றிச் சுற்றி எண்ணுகிறார்கள். இருபது சுற்று என்றால் 240 அடி. நாம் கயிறு பிடித்து வயல் அளப்பதுபோலத்தான். இப்போது பேட்டரிப் படகும் வந்துவிட்டது. பல ஏரிகளில் அதற்கு அனுமதி இல்லை.

இதில் ஒரு கசப்பும் உண்டு. தூண்டிற்காரர்கள் தவறவிட்ட சின்ன ஈயக்குண்டுகள் ஆற்றடியில் சேர்ந்தன. இரை அரைக்க மணிக்கல் பொறுக்கும் அன்னப் பறவைகள் அவற்றையும் விழுங்கின. ஈய விஷம் ஏறி, கழுத்து வளைந்து செத்தன. தேம்ஸ் ஆற்றில் அவை வெகுவாகக் குறைந்துவிட்டன. 1987 ஜனவரி முதல் 0.06 கிராமிலிருந்து 28.35 கிராம் வரையுள்ள ஈயக்குண்டுகள் விற்கத் தடை வந்தது. வேறு உலோகங்களில் குண்டு செய்தார்கள். அன்னங்கள் மறுபடி பெருகின. தூர வீச்சுக்கான பெரிய குண்டுகளை அந்தத் தடை தொடவில்லை.