தீர்ந்த கடனும் தீராத பதிவும்



நாணயம் என்னும் ஒரு சொல்லே நம் மொழியில் காசையும் குறிக்கும். சொன்ன சொல் தவறாமையையும் குறிக்கும். கையிற் காசு குறையினும் வாயிற் சொல் குறையலாகாது என்பது நம் முன்னோர் கொள்கை. பழையனூர் வேளாளர் எழுபதின்மர், தம்மை அடைந்த வணிகன் ஒருவனுக்கு உயிரையே பிணையாக வைத்து, அவன் நீலியால் மாண்டமை அறிந்து, சொல் காக்கத் தீப்புகுந்தனர் என்னும் செய்தி நம் திருவாலங்காட்டுப் பகுதியில் வழிவழியாக வழங்கி வருகின்றது.

ஆயினும், சொல்லைக் காத்தல் ஒன்று. காத்தமை ஏட்டில் ஏறுதல் மற்றொன்று. இவ்விரண்டன் வேறுபாட்டை உணராமையால் இக்காலத்தில் நம் குடும்பங்கள் பல இடர்ப்படுகின்றன. பழைய கடனைக் கட்டித் தீர்த்தோம் என்று மகிழ்ந்திருப்போர், வீடு கட்டக் கடன் கேட்டுப் பாங்கிக்குச் செல்லுங்கால், பழம் பாக்கியின் பதிவு காட்டப்பெற்று வெறுங்கையராய்த் திரும்புகின்றனர். இதன் காரணத்தை வரலாற்று முறையில் ஆராய்வோம்.

1905 ஆம் ஆண்டில் நம் திருவாலங்காட்டில் கிடைத்த செப்பேடுகள் 31 ஆகும். முதலாம் இராசேந்திர சோழன் தனது 6 ஆம் ஆட்சியாண்டில் பழையனூரைத் திருவாலங்காட்டுக் கோயிலுக்கு அளித்த செய்தியை அவை கூறுகின்றன. சோழர் குலமுறை அறிதற்கு அறிஞர் அவற்றைப் போற்றுவர். யாம் ஈண்டு நோக்குவது வேறு. சோழர் ஆட்சியில் அரசன் வாய்மொழியால் ஆணையிட்ட அளவில் ஒரு கொடை முடிவுறுவதில்லை. திருமந்திர ஓலை எழுதுவார் அதனை எழுதுவர்; ஓலை நாயகத்தார் ஒப்பிட்டு நோக்குவர்; வரிக் கணக்கினர் அதனை வரியிலிடுவர். மன்னன் சொல்லுக்கே ஏட்டின் துணை வேண்டியிருந்ததெனின், நம் போன்றார் செலுத்திய கடனுக்கு வேண்டாவோ?

நம் பாட்டனார் இதனை நன்கறிந்திருந்தனர். கைநோட்டு எழுதிக் கடன் வாங்கியோர், தவணைதோறும் கொடுத்த தொகையை நோட்டின் பின்புறத்தில் வரவு வைக்கச் செய்தனர். முழுதும் தீர்ந்த அன்று நோட்டைத் திரும்பப் பெற்றுக் கையொப்பத்தைக் கிழித்த பின்னரே வீடு திரும்பினர். அடமானக் கடனாயின், தீர்ந்தமைக்குரிய ரசீதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தனர். செய்யாதார் நிலத்துக்கு வில்லங்கச் சான்று எடுக்கின், தீர்ந்த அடமானமும் தீராததுபோல் அதில் நிற்கும். இஃது இன்றும் உள்ள நிலையே.

கூட்டுறவு இயக்கம் பிறந்தபொழுது வேறொரு முறை வந்தது. பிரெடெரிக் நிக்கல்சன் என்பார் உழவர் கடன் குறித்து ஆராய்ந்து சென்னை அரசாங்கத்துக்கு அறிக்கை தந்தார். 1904 ஆம் ஆண்டில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் இயற்றப்பெற்றது. அவ்வாண்டிலேயே நம் மாவட்டத்துத் திரூரில் உழவர்க்குரிய கடன் சங்கம் தோன்றியது. அது நமக்குப் பெருமையாகும். ஒருவரையொருவர் அறிந்த ஊராரே அத்தகைய சங்கத்தின் உறுப்பினர். ஒருவன் தவணை தவறினால், மழை பொய்த்தமையாலோ, மனைவி நோயுற்றமையாலோ, சூதாட்டத்தாலோ என்பது அவர்க்குத் தெரியும். அவர் மனமே பதிவேடு. அதில் இரக்கத்துக்கும் இடமிருந்தது.

இன்றைய பதிவேட்டிற்கு அவ்விரக்கம் இல்லை. 2000 ஆம் ஆண்டில் சிபில் என்னும் கம்பெனி நிறுவப்பெற்றது. 2005 ஆம் ஆண்டில் கடன் தகவல் கம்பெனிகளுக்கென்று தனிச் சட்டம் வந்தது. இப்பொழுது இத்தகைய கம்பெனிகள் நான்கு உள்ளன. பாங்கிகள் நம் கணக்கு விவரங்களை இவற்றுக்கு அனுப்புகின்றன. இவை அவற்றைக் குறைந்தது 7 ஆண்டுகள் காத்தல் வேண்டும் என்பது விதி. கடன் தீர்ந்த அன்றே தவணை தவறிய குறிப்பு மறைந்துவிடும் என்று எண்ணுதல் பிழை. தீர்ந்தது என்பதும் நிற்கும். தாமதமாகத் தீர்ந்தது என்பதும் உடன் நிற்கும்.

யாம் பயிற்றிய மாணாக்கருள் ஒருவர் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஒப்பந்தத் தொழிலாளராக இருந்தார். வேலை நின்ற சில திங்களில் மோட்டார் சைக்கிள் கடனின் தவணைகள் தவறின. வசூலுக்கு வந்தவர், 'பாதியைக் கட்டுங்கள், முடித்துவிடலாம்' என்றார். மாணாக்கரும் மனைவியின் நகையை விற்றுக் கட்டினார். சில ஆண்டுகள் கழித்துப் பார்க்கையில், அக்கணக்கு 'குளோஸ்டு' என்றில்லாமல் 'செட்டில்டு' என்று பதிவாகியிருந்தது. முன்னது முழுக்கடனும் தீர்ந்ததென்பது. பின்னது குறைத்துப் பெற்று விடுத்தோம் என்பது. அவ்வொரு சொல் வேறுபாட்டால் அவர்க்கு வீட்டுக்கடன் மறுக்கப்பட்டது. விட்ட தொகையையும் செலுத்திக் கணக்கைத் திருத்துவித்தற்கு அவர் மீண்டும் உழைக்க நேர்ந்தது.

ஆதலின் நம்மவர் செய்யத்தக்கன இவை. வசூலுக்கு வருவார் கையில் ரசீதின்றிப் பணம் கொடுத்தலாகாது. இயன்றவரை முழுத்தொகையும் கட்டிப் பாக்கியின்மைச் சான்றைப் பாங்கியிடமிருந்து எழுத்தில் பெறுதல் வேண்டும். குறைத்துக் கட்ட நேர்ந்தால், கணக்கு எச்சொல்லால் பதிவாகும் என்பதை முன்னரே கேட்டறிதல் வேண்டும். 2017 முதல் ஆண்டுக்கொரு முறை ஒவ்வொரு கம்பெனியும் முழு அறிக்கையை இலவசமாகத் தருதல் வேண்டுமென ரிசர்வ் பாங்கி விதித்துள்ளது. அதனைப் பெற்று நோக்குக. பிறர்க்குப் பிணை நின்றாரும் தம் அறிக்கையை நோக்குக. பிணையும் அதில் ஏறும். பிழை கண்டால் சான்றுடன் முறையிடுக. 30 நாளில் தீராவிடின், நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டென்னும் விதி 2024 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கும் பயனில்லையேல் ரிசர்வ் பாங்கியின் குறைதீர்ப்பாளரை அணுகலாம்.

ஒன்று மட்டும் நினைவிற் கொள்க. பொய்ப் பதிவைத் திருத்தலாம். மெய்ப் பதிவை யாராலும் அழித்தலாகாது. பணம் கொடுத்தால் அழித்துத் தருவோம் என்பாரை நம்பற்க. தவறிய தவணையின் வடு, இனித் தவறாத தவணைகளாலும் காலத்தாலுமே ஆறும். ரசீதுகளைப் பெட்டியிற் பேணுக. கணக்கு வைக்கும் முறையைப் பெண்டிர்க்கும் பிள்ளைகட்கும் கற்பிக்க. எழுபதின்மர் காத்த சொல்லை ஊர் நினைவில் வைத்தது. நாம் காக்கும் சொல்லை ஏடு நினைவில் வைக்கும்படி செய்தல் நம் கடன்.